எக்ஸ்பைஸ்-17: லேபில் ஒரு வருஷம் வைத்துப் பார்த்தது

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் எடுக்கிறேன். டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் (சர்க்யூட்டின் அவுட்புட்டுக்கும் இன்புட்டுக்கும் உள்ள விகிதத்தை எஸ் என்ற மாறியில் எழுதும் சூத்திரம்) பாடம் தொடங்கினாலே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "மேம், இந்த எஸ் சர்க்யூட்ல எங்க இருக்கு?" எஸ் இருக்கும் இடத்தில் ஜெ ஒமேகா (ஜெ கற்பனை எண், ஒமேகா அலையின் கோண அதிர்வெண்) போட்டுக் காட்டினால் தலையாட்டுவார்கள், முகம் தெளியாது. அந்தக் கேள்விக்காகவே டெல்லியில் உள்ள ஐ.யு.ஏ.சி. என்ற ஆராய்ச்சி மையம் உருவாக்கிய எக்ஸ்பைஸ்-17 வாங்கினேன். கம்ப்யூட்டரில் செருகி, அலைகளை உண்டாக்கவும் அளக்கவும் பயன்படும் சின்னப் பெட்டி. யு.எஸ்.பி. ஒயரிலேயே பவர், சாஃப்ட்வேர் இலவசம்.

முதலில் போட்டது சாதாரண ஆர்.சி. லோ-பாஸ், அதாவது குறைந்த அதிர்வெண்ணை மட்டும் விடும் ஃபில்டர்: ரெசிஸ்டர் 10 கிலோ ஓம், கெபாசிட்டர் 0.1 மைக்ரோ ஃபாரட். சைன் அலை பெட்டியின் டபிள்யூ.ஜி. முனையிலிருந்து வருகிறது; ஃபில்டரின் இன்புட்டை ஏ1 முனையிலும், அவுட்புட்டான கெபாசிட்டர் முனையை ஏ2-இலும் அளக்கிறோம். கணக்குப்படி கட்-ஆஃப், அதாவது கெயின் (அவுட்புட்டை இன்புட்டால் வகுத்தது) 0.707 மடங்காகக் குறையும் அதிர்வெண், 159 ஹெர்ட்ஸ். அதிர்வெண்ணைப் படிப்படியாக ஏற்றும் ஸ்வீப்பை ஓடவிட்டால் புள்ளி புள்ளியாக வளைவு இறங்குகிறது. ஆனால் கெயின் 0.707-ஐத் தொட்டது 173 பக்கத்தில். பிள்ளைகள் தப்பு செய்துவிட்டதாகப் பயந்தார்கள். கெபாசிட்டரை, அதை அளப்பதற்கான ஐ.என்.1 முனையில் செருகி அளந்தோம்: 0.092 மைக்ரோ ஃபாரட். அதைச் சூத்திரத்தில் போட்டதும் 173 வந்துவிட்டது! அதே அதிர்வெண்ணில், அலை வடிவைத் திரையில் காட்டும் இதன் ஸ்கோப்பில் இரண்டு அலைகளையும் பார்த்தால் அவுட்புட் 45 டிகிரி பின்தங்கி நிற்கிறது. ஜெ செய்கிற வேலை அதுதான் என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

ஒரு விஷயம் கவனியுங்கள். ஏ1, ஏ2 இன்புட் ஒவ்வொன்றும் 1 மெக் ஓம். 100 கிலோ ஓம், 0.01 மைக்ரோ ஃபாரட் வைத்தால் கட்-ஆஃப் அதே 159 இருக்க வேண்டும். ஆனால் ஏ2-இன் 1 மெக் ஓமும் சர்க்யூட்டில் சேர்ந்துகொள்வதால், இங்கே தொடக்கக் கெயினே 0.91-க்கு இறங்கி, கட்-ஆஃப் 175-க்கு நகர்கிறது. அளக்கிற கருவியையும் சேர்த்து டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் எழுதச் சொன்னேன்; இரண்டு எண்ணும் சரியாக வந்தன. இந்த வருஷம் நான் எடுத்ததிலேயே நல்ல வகுப்பு அது.

இந்தப் பெட்டி தரும் சைன் அலை 5 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். 741 ஆப்-ஆம்பை (சிக்னலைப் பெருக்கும் ஐ.சி.) 10 மடங்கு கெயினில் வைத்தால் அந்தக் கெயின் விழுவது 100 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம். அங்கே இது எட்டாது, தனி ஃபங்ஷன் ஜெனரேட்டரும் தனி ஸ்கோப்பும் எடுத்தாக வேண்டும். ஃபில்டர் பாடத்துக்கு மட்டும் என்றால் தயங்காமல் வாங்கலாம், மூன்று பேருக்கு ஒன்று வீதம். ஐந்தாறு பேர் சுற்றி நின்றால் ஒயர் செருகுவது ஒருவர்தான், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.