18,500 ரூபாய் போச்சு: ‘தசை ஸ்கேன்’ பேக்கேஜ் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

நான் குன்னூர். பெட்ஃபோர்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து இறங்கினால் ஆறு மாதமாக இடது முட்டியில் வலி. ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான். இடுப்புத் தசைக்கு வலு சேர்த்தால் சரியாகும் என்று தெரிந்தவர் சொல்ல, ஊட்டியில் ஒரு ஃபிட்னஸ் ஸ்டூடியோவுக்குப் போனேன். பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, நுழைந்ததும் சுக்கு காபி.

அங்கிருந்த பெண் ‘தசை ஸ்கேன்’ என்று சொல்லி, என் பின்னிடுப்பில் இரண்டு பட்டைகளை ஒட்டி, ஒவ்வொரு பயிற்சியாகச் செய்யச் சொன்னார். போனில் கலர் கலராக வரைபடம். உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்கு 31. பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கினால் 24. முதுகைப் பெஞ்சில் சாய்த்து இடுப்பை மேலே தள்ளும் ஹிப் த்ரஸ்டுக்கு 112! “பாத்தீங்களா அக்கா, மத்ததெல்லாம் வேஸ்ட்டு.” அந்த மெஷினும் 12 வகுப்பும் சேர்த்து 18,500 ரூபாய்.

தயங்கினேன். அப்போதுதான் ஓனர் வந்தார். சின்னப் பையன்தான். “எங்கம்மாவுக்கும் இதே முட்டி வலிதாங்க்கா. மனுஷன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது.” பேசிக்கொண்டே குனிந்து, அவிழ்ந்து கிடந்த என் ஷூ லேஸைக் கட்டிவிட்டார். பெற்ற பிள்ளை இதுவரை எனக்கு அதைச் செய்ததில்லை. அடுத்த நிமிடம் ஜிபேயில் பணம் போய்விட்டது. ஒரு முடிச்சுக்கு 18,500 ரூபாய்.

மூன்று வகுப்பு நடந்தது. நான்காவது வாரம், பட்டையைக் கழற்ற மறந்து வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். போனைப் பார்த்தால் 86. சந்தேகம் வந்து பட்டையைத் தலையணையில் ஒட்டினேன். தலையணைக்கு 72. ஸ்குவாட் போட்ட என்னைவிட என் தலையணைக்குத் தசை அதிகம்.

கோயம்புத்தூரில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “எண்பத்தாறுன்னா எதுல எண்பத்தாறு?” தசையின் மின் சமிக்ஞையை அளக்கும் முறை உண்மையானதுதானாம். ஆனால் முதலில் அந்தத் தசையை முழுப் பலத்தோடு இறுக்கச் சொல்லி அளக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பயிற்சியும் அதில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். என்னை யாரும் இறுக்கவே சொல்லவில்லை. தோலைத் துடைக்கவும் இல்லை. வியர்வையும் பட்டை ஒட்டும் இடமும் மாறினாலே எண் மாறிவிடுமாம்.

இன்னொன்று. பட்டை இருந்தது பின்பக்கத்துப் பெரிய தசையான குளுட்டியஸ் மேக்ஸிமஸ் மேல். படுத்துக் காலைப் பக்கவாட்டில் தூக்கும்போது முக்கியமாக வேலை செய்வது அதற்கு மேலே, பக்கவாட்டில் உள்ள மீடியஸ். 2009இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மீடியஸுக்கு அதிகபட்சமாக 81 சதவீதம் காட்டியது அந்தப் பயிற்சிதானாம். என் முட்டிக்கு வேண்டியதும் அதுதான் என்றார். அதைத்தான் வேஸ்ட்டு என்றார்கள்! வரைபடத்தில் எண் பெரிதாக இருந்தால் தசையும் பெரிதாக வளரும் என்பதும் இல்லையாம். 2023இல் ஒன்பது வாரம் ஸ்குவாட்டையும் ஹிப் த்ரஸ்டையும் செய்ய வைத்து ஒப்பிட்டதில், பின்தசை வளர்ச்சி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் “செக் பண்ணிட்டுச் சொல்றேங்க்கா”. அப்புறம் “மழைல நெட்வொர்க் இல்ல, அதான் ரீடிங் தப்பா வருது”. தலையணை வீடியோவை அனுப்பினேன். இரண்டு நீல டிக், பதில் இல்லை. நேரில் போனால் ஓனர் பெங்களூரில். மறுபடி போனேன், அப்போதும் பெங்களூர். கடைசியில் அந்தப் பெண், “பட்டையைத் தலகாணில ஒட்டினா வாரண்டி போயிடும் மேடம்” என்றார். அக்கா போய் மேடம் ஆகிவிட்டேன். சுக்கு காபியும் இல்லை.

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. எண்ணைக் காட்டினால் எதில் எத்தனை என்று கேளுங்கள். பட்டை எந்தத் தசை மேல் என்று கேளுங்கள். அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். 18,500 ரூபாய், என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்ல உட்கார்ந்தேன். பில்லைத் தேடும்போதுதான் உறைக்கிறது, அவர்கள் பில்லே தரவில்லை. ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் இருக்கிறது.