பழைய மிட்சுபிஷி டெலிகா டீசல் கேம்பர் வேன்: கேட்கும் விலைக்குத் தகுமா?

மிட்சுபிஷி நிறுவனம் 1994-இல் அறிமுகப்படுத்திய டெலிகா ஸ்பேஸ் கியர், பயன்படுத்திய கேம்பர் வேன் (உள்ளேயே தங்கும்படி மாற்றப்பட்ட வண்டி) தேடுவோரின் பட்டியலில் இன்றும் இடம்பெறுகிறது. அதே நிறுவனத்தின் ஜீப் வகை வண்டியான பஜேரோவின் டீசல் எஞ்சினையும் நான்கு சக்கர இயக்கத்தையும் ஒரு குடும்ப வேனுக்குள் பொருத்திய வண்டி என்பதால், சேற்றையும் மணலையும் கடந்துபோய் இரவு தங்க விரும்புவோருக்கு இதற்கு ஈடானவை மிகக் குறைவு. ஆனால் விற்பவர் சொல்லும் ஒற்றை விலைக்குள் மூன்று தனித்தனி மதிப்புகள் கலந்திருக்கின்றன: வண்டியின் உடல், அதன் இயந்திரம், உள்ளே செய்யப்பட்ட தங்குமிட வேலை. முதலில் கண்ணைக் கவர்வது மூன்றாவது. விலை பேசும்போது கடைசியாக எண்ணப்பட வேண்டியதும் அதுவே என்பது என் உறுதியான கருத்து.

உடலிலிருந்து தொடங்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. ஜீப் வகை வண்டிகளில் உள்ளதுபோல் தனியாகக் கழற்றக்கூடிய அடிச்சட்டம் டெலிகாவுக்குக் கிடையாது. சட்டம் உடலோடு ஒன்றாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே துரு என்பது இங்கே தோற்றத்தைக் கெடுக்கும் குறை மட்டுமன்று, வண்டியின் வலுவையே தின்னும் குறை. கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டிச் சட்டம், பின்சக்கர வளைவுகள், ஜாக்கி வைக்கும் இடங்கள், பின்பக்கச் சஸ்பென்ஷன் கைகள் உடலோடு சேரும் முனைகள், முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரின் அடிப்பகுதி ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தட்டியும் அழுத்தியும் பார்க்க வேண்டும். கடற்கரையிலோ, பனிக்காலத்தில் உப்புத் தூவும் சாலைகளிலோ ஓடிய வண்டி என்றால் இந்தச் சோதனைக்கு இருமடங்கு நேரம் ஒதுக்கலாம். அடிப்பகுதி முழுவதும் அண்மையில் பூசப்பட்ட கறுப்புப் பூச்சுடன் பளபளத்தால், அதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாமல், பூச்சுக்கு அடியில் இருப்பதைக் காட்டும் படங்களை விற்பவரிடம் கேட்பதே முறை. பட்டி பார்த்து வண்ணம் அடித்த இடங்களில் காந்தம் சரியாக ஒட்டாது. ஒரு சிறிய காந்தத்தைச் சட்டைப்பையில் கொண்டுபோவது பெரிய செலவைத் தவிர்க்கும். சக்கர வளைவில் மேலோட்டமாகப் படர்ந்த துருவை விலையில் கழித்துக்கொள்ளலாம். சஸ்பென்ஷன் முனையில் ஓட்டை விழுந்திருந்தால், உள்ளே எத்தனை அழகான மரவேலை இருந்தாலும் அந்த வண்டியை வாங்கக் கூடாது.

எஞ்சினைப் பொறுத்தவரை, பெரும்பாலான டீசல் டெலிகாக்களில் இருப்பது 4எம்40 என்ற 2.8 லிட்டர் டர்போ எஞ்சின். தொடக்கத்தில் வந்தவை இயந்திர முறை எரிபொருள் பம்புடன் 125 குதிரைத்திறன் தந்தன. பின்னர் வந்தவை மின்னணுக் கட்டுப்பாட்டுடன் 140 குதிரைத்திறன் தந்தன. என் தேர்வு பழையதுதான். திறன் குறைவு என்றாலும், ஊர்களுக்கு வெகு தொலைவில் பழுதானால் சாதாரணக் கருவிகளோடு ஒரு மெக்கானிக் கைவைக்கக்கூடிய அமைப்பு அது. இந்த எஞ்சினில், வால்வுகளின் நேரத்தை ஒழுங்குபடுத்த, குறித்த காலத்தில் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருப்பதும் ஒரு நன்மை. 2.5 லிட்டர் 4டி56 எஞ்சின் உள்ள வண்டி என்றால், பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லாத நிலையில், அந்தச் செலவை விலையிலிருந்து உடனே கழித்துவிட வேண்டும்.

இவ்வண்டியின் உண்மையான பலவீனம் குளிர்விப்பு அமைப்பில் இருக்கிறது. பின்னிருக்கைப் பயணிகளுக்கான ஹீட்டருக்குச் செல்லும் உலோகக் குழாய்கள் தரைக்கு அடியில், சக்கரங்கள் வாரியடிக்கும் நீரும் மண்ணும் படும்படி ஓடுகின்றன. அவை துருப்பிடித்துக் கசியத் தொடங்கினால், முன்னால் அமர்ந்திருப்பவருக்குத் தெரியாமலேயே கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டு போகும். வெப்பமானியின் முள் உயரும் நேரத்தில் எஞ்சினின் மேல்மூடியான அலுமினிய சிலிண்டர் ஹெட் கெட்டுப்போயிருக்கக்கூடும். ஆகையால் அந்தக் குழாய்கள் மாற்றப்பட்டுள்ளனவா, அல்லது பின் ஹீட்டரே துண்டிக்கப்பட்டுள்ளதா என்பது விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கூலன்ட் குறைந்தால் ஒலியெழுப்பும் கருவியை முன்னைய உரிமையாளர் பொருத்தியிருந்தால், வண்டியைப் புரிந்துகொண்டு பராமரித்தவர் அவர் என்று நான் மதிப்பிடுவேன். அப்படிப்பட்டவரிடமிருந்து வாங்குவதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதிலும் தவறில்லை.

எஞ்சின் குளிர்ந்திருக்கும் நிலையில்தான் வண்டியைப் பார்க்கப் போக வேண்டும். நீங்கள் வரும்முன்பே விற்பவர் ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், குளிர்ந்த டீசல் எஞ்சின் உயிர்பெறச் சூடேற்றும் க்ளோ பிளக்குகளின் நிலையும் சிலிண்டர்களின் அழுத்தமும் மறைந்துவிடும். குளிர்ந்த எஞ்சின் உயிர்பெற்றதும் சிறிது வெண்புகை வந்து அடங்குவது இயல்பு. அடங்காமல் தொடர்ந்தால், எரியாத டீசலோ கூலன்ட்டோ வெளியேறுகிறது என்று பொருள். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். ரேடியேட்டரின் கூலன்ட்டில் சிலிண்டருக்குள் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்பதை நிறம் மாறும் திரவத்தால் கண்டறியும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஹெட் பழுதுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அதன் கட்டணம் அற்பமானது. அதற்கு இணங்காத விற்பனையாளரிடம் பேச்சைத் தொடர வேண்டியதில்லை. எஞ்சினின் பெரும்பகுதி முன்னிருக்கைகளை ஒட்டி உள்தள்ளி இருப்பதால், எந்தப் பழுதுக்கும் கூலி நேரம் கூடுதலாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வண்டியின் பெருமைக்கு முழு உரிமை கொண்டாடக்கூடியது சூப்பர் செலக்ட் எனப்படும் நான்கு சக்கர இயக்கம். பல வண்டிகளில் நான்கு சக்கர இயக்கத்தை வழுக்கும் தரையில் மட்டுமே இணைக்க முடியும். காய்ந்த தார்ச்சாலையில் இணைத்தால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். டெலிகாவிலோ முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரென்ஷியல் ஒன்று நடுவில் இருப்பதால், மழை பெய்யும் நெடுஞ்சாலையிலும் நான்கு சக்கரங்களையும் அச்சமின்றி இயக்கலாம். நான் ஓட்டிப் பார்த்த டெலிகா ஈரமான மலைச்சாலை வளைவுகளில் காட்டிய நிதானம், அதே உயரமுள்ள பின்சக்கர இயக்க வேன்களில் எனக்குக் கிடைத்ததில்லை. செங்குத்தான சேற்றுப் பாதைக்கு, நடு டிஃபரென்ஷியலைப் பூட்டித் தாழ்ந்த கியருக்கு மாற்றும் வசதியும் இருக்கிறது. பரிசோதிக்கும்போது நெம்புகோலை எல்லா நிலைகளுக்கும் மாற்றி, ஒவ்வொன்றிலும் சிறிது தூரம் ஓட்ட வேண்டும். காட்சிப்பலகையில் சக்கர விளக்குகள் அணையாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தால், முன் அச்சை இணைக்கும் வெற்றிடக் குழாய்களிலோ வால்வுகளிலோ கோளாறு இருக்கலாம். பெரும்பாலும் மலிவான பழுதுதான், ஆனால் விலை குறைக்க நியாயமான காரணம். நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்திலும் இருப்பது இங்கே கட்டாயம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் பிந்தைய இரண்டு ஆண்டையும் குறிக்கும். பத்து ஆண்டைக் கடந்தவற்றுக்கு, பட்டை எத்தனை ஆழமாக இருந்தாலும், மதிப்பு எதுவும் கிடையாது.

இனி உள்வேலை. கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, சூரியத் தகடு ஆகியவற்றுக்குத் தாம் செலவிட்ட தொகையை உரிமையாளர் அப்படியே விலையில் சேர்ப்பது வழக்கம். அதை ஏற்க வேண்டியதில்லை. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி வடியவிட்டால் அதன் ஆயுள் விரைவில் முடிந்துவிடும். லித்தியம் பேட்டரிக்குத்தான் ஆண்டுகள் கடந்தும் மதிப்பு எஞ்சும். ஒவ்வொரு மின்கம்பிக்கும் ஃபியூஸ் இருக்கிறதா, எரிவாயு உருளை வெளிக்காற்றோடு தொடர்புள்ள தனி அறையில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த வேலையைப் பிரித்து மீண்டும் செய்யும் செலவு உங்களுடையது. காற்றுப்போக்கிக்காகவோ தகட்டுக்காகவோ கூரையில் துளையிட்ட இடங்களுக்கு நேர் கீழே உள்ள மரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அது மெத்தென்றிருந்தால் நீர் இறங்குகிறது. சுவர்ப்பலகைக்குப் பின்னால் துருவும் வளர்ந்துகொண்டிருக்கலாம். பின்னிருக்கைகளையும் அவற்றின் பெல்ட்டுகளையும் அகற்றிவிட்டுக் கட்டில் போட்ட வண்டியில் இருவருக்கு மேல் சட்டப்படி பயணம் செய்ய முடியுமா என்பதைப் பதிவு ஆவணத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

எனவே என் கணக்கு இப்படி அமையும்: உள்வேலை எதுவும் செய்யப்படாத, அதே ஆண்டைச் சேர்ந்த, அதே நிலையில் உள்ள டெலிகாவின் சந்தை விலையை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, எடுத்து வேறு வண்டியில் பொருத்தினாலும் பயன்படக்கூடிய பொருள்களின் இன்றைய விலையை மட்டும் அதனுடன் கூட்டுவேன். தச்சு வேலைக்கு எதுவும் கூட்டுவதில்லை. நான்கு சக்கர இயக்கமுள்ள பழைய வேனான வோக்ஸ்வாகன் டி3 சிங்க்ரோவை இதற்கு மாற்றாகச் சிலர் சொல்வதுண்டு. 1985 முதல் 1992 வரை வந்த அதன் டர்போ டீசல் வகையின் திறன் 70 குதிரைத்திறன்தான், அரிய பழம்பொருள் என்ற பெயருக்காக விலையும் உயர்ந்துவிட்டது. பயணத்துக்காக வாங்குபவருக்கு டெலிகாவே கூடுதல் பயன் தரும். லிட்டருக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் என்ற எரிபொருள் செலவையும், பழைய டீசல் வண்டிகளுக்குத் தடை உள்ள நகர்களுக்குள் நுழைய முடியாமையையும் ஏற்க இயலாதவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். எஞ்சின், இயக்க உதிரிகள் பஜேரோவோடு பொதுவானவை என்பதால் அவற்றைத் தேடுவது எளிது. உடற்தகடுகளும் கண்ணாடிகளும் அப்படியல்ல. ஆகவே விரிசல் விட்ட முன்கண்ணாடியோ நசுங்கிய நகரும் கதவோ இருந்தால், மாற்று எங்கே கிடைக்கும், என்ன விலை என்பதை அறிந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.