401(கே) பணத்தை ஐஆர்ஏவுக்கு மாற்றுதல்: நேரடி மாற்றமா, 60 நாள் மாற்றமா?

அமெரிக்காவில் வேலை மாறுகிறவர்கள் பழைய 401(கே) சேமிப்பை (வேலை வழங்குபவர் வழியான ஓய்வூதியச் சேமிப்பு) மரபுவழி ஐஆர்ஏவுக்கு (தனிநபர் ஓய்வூதியக் கணக்கு) எந்த வழியில் மாற்றுவது என்று தயங்குவதுண்டு. நேரடி மாற்றத்தில் பணம் பழைய கணக்கிலிருந்து ஐஆர்ஏவுக்கு நேரே போகும்; 60 நாள் மாற்றத்தில் பணத்தை நீங்கள் கையில் வாங்கி, 60 நாட்களுக்குள் ஐஆர்ஏவில் செலுத்த வேண்டும். வரி மென்பொருளில் இரண்டையும் பதிவுசெய்யும் விதம் வேறு.

வரிப் பிடித்தம்:
நேரடி மாற்றத்தில் எதுவும் பிடிக்கப்படாது.
60 நாள் மாற்றத்தில் 20% கட்டாயமாகப் பிடிக்கப்படும். 50,000 டாலருக்கு 40,000 மட்டுமே கைக்கு வருவதால், முழுத்தொகையையும் மாற்ற விரும்புபவர் மீதி 10,000 டாலரைச் சொந்தப் பணத்திலிருந்து 60 நாட்களுக்குள் சேர்த்துச் செலுத்த வேண்டும். பிடித்த தொகை வரிக்கணக்கில் வரவாகப் பின்னரே கிடைக்கும். சேர்க்காவிட்டால் அந்த 10,000 வருமானமாகும். 59½ வயதுக்குக் குறைந்தவருக்குப் பொதுவாக 10% கூடுதல் வரியும் உண்டு.

படிவம் 1099-ஆர் (ஓய்வூதியக் கணக்கிலிருந்து வெளியே வந்த பணத்தைக் காட்டுவது):
நேரடி மாற்றத்தில் குறியீட்டுக்கான 7ஆம் கட்டத்தில் ‘ஜி’, வரிக்குரிய தொகைக்கான 2ஏ கட்டத்தில் சுழியம்.
60 நாள் மாற்றத்தில் குறியீடு வயதைப் பொறுத்துப் பெரும்பாலும் 1 அல்லது 7. 2ஏ கட்டத்தில் பொதுவாக முழுத்தொகையும் இருக்கும்.

மென்பொருளில்:
‘ஜி’ குறியீட்டைச் சரியாக உள்ளிட்டாலே வரி சுழியமாகும். வரியில்லை என்பதற்காகப் படிவத்தையே விட்டுவிடுவது தவறு. அத்தொகை வருமான வரிக் கணக்கான 1040 படிவத்தின் 5ஏ வரிசையில் வந்தே தீர வேண்டும்.
60 நாள் மாற்றத்திலோ, பணத்தை என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு, மாற்றிய தொகையை நீங்களே குறிப்பிட வேண்டும். தவறினால் முழுத்தொகைக்கும் வரி கணக்கிடப்படும். வரிக்குரிய தொகையைக் காட்டும் 5பி வரிசையைக் கட்டாயம் சரிபாருங்கள்.

கணக்கு மாற்றம் மட்டுமே நோக்கமென்றால் நேரடி வழியே பொருந்தும். பணத்தை ஏற்கெனவே கையில் வாங்கிவிட்டவர்களுக்கே 60 நாள் வழியைப் பரிந்துரைப்பேன்.