சிவப்பு விளக்கு அணையவே இல்லை: ரேடியோவைச் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

களக்காட்டுப் பக்கம் எங்களுக்கு வாழைத்தோட்டம் இருக்கிறது. குலை தள்ளும் காலத்தில் பன்றி இறங்கும் என்பதால் அப்பா மோட்டார் ரூமில்தான் படுப்பார். துணைக்கு ஒரு சின்ன ரேடியோ. திருநெல்வேலி நிலையம் நிகழ்ச்சியை முடிக்கிறவரை அவர் தலைமாட்டில் பேசிக்கொண்டே இருக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தத் தலைமாட்டிலேயே அது புகைந்தது. அப்பா விழித்திருந்ததால் பிழைத்தார். யார் வீட்டிலும் இப்படி நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரேடியோவில் சார்ஜர் குத்துகிற இடம் ஆடிக்கொண்டிருந்தது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். மறுநாள் போனபோது கடைக்காரர், "பின்னு மாத்திட்டேன் தம்பி. செல்லும் வீக்கு. புதுசு போட்டிருக்கேன், ஒரு வாட்டி ஏத்தினா நாலு நாளைக்கு நிக்கும்" என்றார். செல் என்பது உள்ளே இருக்கும் சார்ஜ் பேட்டரி. அதன் மேல் 9900 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) என்று அச்சிட்டிருந்தது. 450 ரூபாய் வாங்கினார். பில் கேட்டேன். "இதுக்கெல்லாம் எதுக்குப்பா பில்லு, எதுவும்னா என்கிட்ட கொண்டா" என்று சொல்லிவிட்டார். பழைய செல்லை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது பிற்பாடு உதவியது.

நாலு நாள் நிற்கும் என்ற செல் ஒரு பொழுது தாங்கவில்லை. அதனால் அப்பா தினமும் ராத்திரி போன் சார்ஜரில் மாட்டி வைக்க ஆரம்பித்தார். முன்பெல்லாம் சார்ஜ் ஏறி முடிந்தால் சிவப்பு விளக்கு பச்சையாகும். சர்வீஸுக்குப் பிறகு பச்சை வரவே இல்லை, விடியும்வரை சிவப்புதான். நானும் அதைப் பார்த்தேன். செல் பெரிசு, மெதுவாக ஏறுகிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். அன்றைக்கே பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

அன்று ராத்திரி இரண்டு மணி வாக்கில் அப்பாவுக்கு ஒரு வாடை அடித்திருக்கிறது. நகப்பூச்சு வாடை மாதிரி, இனிப்பும் காட்டமுமாக. பெட்டியைத் தொட்டால் கை வைக்க முடியாத சூடு. அவர் முதலில் சுவரில் சுவிட்சை அணைத்து வயரைப் பிடுங்கினார். பிறகு கையால் தூக்காமல் கம்பால் தள்ளித் தள்ளி வெளியே மணலில் கொண்டுபோய்ப் போட்டார். அதற்குள் பின்மூடி உருகி வளைந்து, சீறிக்கொண்டு புகை வந்தது. எனக்குப் போன் அடித்து, "ஏல, பொட்டி புகையுது, வெளியே தள்ளிட்டேன், நீ பதறாத" என்றார். கட்டிலுக்கு அடியில் காய்ந்த வாழைச்சருகு. வேறென்ன சொல்ல.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் மறுநாள் ரேடியோவைப் பிரித்துக் காட்டினார். செல் போலி என்பது எனக்கே அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. இந்த உருளைச் செல்லுக்கு 18650 என்று பேர், 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல கம்பெனி செல்லிலேயே இந்த அளவுக்குள் 3500 எம்ஏஎச் பக்கம்தான் அடங்கும். 9900 என்று போட்டிருந்தால் அந்த அச்சே பொய். நகைக்கடைத் தராசில் வைத்தோம். பழைய செல் 45 கிராம், புதுசு 31 கிராம். உள்ளே சரக்கே குறைவு.

ஆனால் அண்ணன் கோபப்பட்டது செல்லைப் பார்த்தல்ல. "இங்க பாரு, சார்ஜிங் ஐசியவே எடுத்துட்டான்" என்று சர்க்யூட்டைக் காட்டினார். சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்துகிற சின்னச் சில்லுதான் அந்த ஐசி. பின் மாற்றும்போது அந்த ஐசி கெட்டதோ, வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்று நினைத்தாரோ, சார்ஜர் வயரை ஒரே ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற சின்னப் பாகம்) வழியாக நேரே செல்லுக்குப் பற்றவைத்திருந்தார் கடைக்காரர். லித்தியம் செல்லுக்கு 4.2 வோல்ட் தான் எல்லை. அதைத் தொட்டதும் மின்சாரத்தைக் குறைத்து நிறுத்துவதுதான் அந்த ஐசியின் வேலை. சார்ஜரிலிருந்து வருவது 5 வோல்ட். டயோடு 0.7 தின்றாலும் மிச்சம் 4.3. செல் நிரம்பிக்கொண்டு வரும்போது ஓடுகிற மின்சாரம் குறையும், அப்போது டயோடு இன்னும் குறைவாகத் தின்னும், வோல்ட் இன்னும் ஏறும். நிறுத்த ஆளே இல்லை. சிவப்பு விளக்கு வெறுமனே சார்ஜர் மாட்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததே தவிர, செல்லைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ரேடியோவை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். "போன் பாஸ்ட் சார்ஜர்ல போட்டீங்களா? அதான். அது ஒன்பது வோல்ட் அடிக்கும்" என்றார் கடைக்கார அண்ணாச்சி. இந்தப் பதிலை உங்களிடமும் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஒழுங்கான பாஸ்ட் சார்ஜர், மாட்டிய கருவி கேட்டால்தான் 9 வோல்ட்டுக்குப் போகும். கேட்கத் தெரியாத ரேடியோவுக்கு 5 வோல்ட் தான் தரும். நான் ஐசி இல்லாத இடத்தைக் காட்டியதும் பேச்சு மாறியது. "பில் இருக்கா?" என்றார். பில் வேண்டாம் என்ற அதே மனிதர்.

பில் இல்லாவிட்டாலும் ஜிபேயில் பணம் போன விவரம் என் போனில் இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதிந்தேன், அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் பழைய, புது செல்களின் படத்தையும் சேர்த்து. ஒரு வாரம் கழித்து 450 ரூபாய் திரும்பி வந்தது. உருகிய ரேடியோவுக்கு அவர் ஒன்றும் தரவில்லை.

செல் வாங்கும்போது, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாதிரிச் செல்லுக்கு ஐஎஸ் 16046 தரத்தின்படி பதிவு கட்டாயம். ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் அந்த எண்ணைப் பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் யாருடையது என்று வந்துவிடும். என் போலிச் செல்லில் எண்ணே இல்லை. சர்வீஸுக்குக் கொடுத்தால் கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள்.

சின்ன ரேடியோக்களில் வருகிற நோக்கியா மாடல் பட்டை பேட்டரிக்கும் இது பொருந்தும். பெயர்பெற்ற தயாரிப்பிலேயே கோளாறு வரும். 2007இல் நோக்கியா 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று எச்சரித்து மாற்றித் தர முன்வந்தது. பட்டை உப்பி மூடி தூக்கினால் அமுக்கி மூடாதீர்கள், குத்தாதீர்கள். சார்ஜ் போடாமல் வெளியே எடுத்து வையுங்கள். சாதாரணப் பேட்டரிக் கட்டையைச் சார்ஜரில் போட்டு உயிர்கொடுக்கலாம் என்று அதே கடையில் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது சார்ஜ் ஏற்றுவதற்குச் செய்ததே இல்லை. உள்ளே வாயு சேர்ந்து ஒழுகும், வெடிக்கவும் செய்யும்.

ரேடியோ உள்பக்கம் அதிகம் சேதமாகவில்லை. மெக்கானிக் அண்ணன் 4056 ஐசி உள்ள சின்ன சார்ஜிங் போர்டு ஒன்றை வைத்து, பதிவு எண் உள்ள 2600 எம்ஏஎச் செல் போட்டுக் கொடுத்தார். பின்மூடிக்குப் பதில் டேப். முதல் தடவை பகலில், சிமெண்ட் திண்ணையில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து சார்ஜ் போட்டோம். மூன்றரை மணி நேரத்தில் சிவப்பு அணைந்து நீலம் வந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தார், 4.19. அப்பா இப்போது மத்தியானம் மட்டும்தான் சார்ஜ் போடுகிறார். படுக்கப்போகுமுன் ஒருதரம் வயர் மாட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்கிறார்.