டிராஃப்ட் தேர்வின் விலை: ஜான்சன் அட்டவணையா, தேலர் கணக்கா?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், புதுமுக வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக, வரிசைப்படி எடுப்பதுதான் டிராஃப்ட். அந்த வரிசையில் ஓர் இடம்தான் ஒரு தேர்வு. அணிகள் இந்தத் தேர்வுகளைக் கைமாற்றும்போது எதற்கு எது ஈடு?

பழைய வழி, 1990களின் தொடக்கத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பயன்படுத்திய அட்டவணை. முதல் தேர்வுக்கு 3000 புள்ளி, 10-வதுக்கு 1300, 32-வதுக்கு 590. அதாவது 32-வது தேர்வு ஐந்து சேர்ந்தாலும் 2950தான். முதல் தேர்வு கைக்கு வராது. கூட்டிப் பார்த்து போனிலேயே பேரத்தை முடிக்கலாம், அது பெரிய வசதி. ஆனால் அந்த எண்கள் அணிகள் கொடுத்த விலையைச் சொல்கின்றன, வீரர் எப்படி ஆடினார் என்பதை அல்ல.

ஆய்வாளர் கேட் மேசியும், பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் அங்கேதான் குடைந்தார்கள். ஆட்டத்தின் மதிப்பிலிருந்து சம்பளத்தைக் கழித்தால், இரண்டாம் சுற்று வீரர்களிடம் முதல் தேர்வைவிட அதிகம் மிஞ்சியது. ஒரே இடத்தில் ஆடுபவர்களில், முன்னால் எடுக்கப்பட்டவர் அடுத்தவரை மிஞ்சும் வாய்ப்பு வெறும் 52 சதவீதம்! அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தம் புதுமுகங்களின் சம்பளத்தைக் குறைத்ததால் மேல் தேர்வுகளின் மதிப்பு ஏறியது, சரி. அப்படியும் என் ஓட்டு இவர்களுக்கே. 2012இல் வாஷிங்டன் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளோடு ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வும் கொடுத்து, குவார்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தும் வீரர்) ராபர்ட் கிரிஃபினை எடுத்தது. அதே டிராஃப்டின் நான்காம் சுற்றில் எடுத்த கிர்க் கசின்ஸ்தான் 2015இல் அவர் இடத்தைப் பிடித்தார்.