வெளிநாட்டு விடுமுறை விமானத்தில் பல ஆண்டுகள்: பேக்கேஜா, டிக்கெட் மட்டுமா?

மான்செஸ்டரில் இருந்து ஐரோப்பியக் கடற்கரைகளுக்குப் பறக்கும் ஒரு விடுமுறை விமான நிறுவனத்தில் நாங்கள் பல ஆண்டுகளாகக் குடும்பத்தோடு போய்வருகிறோம். ஸ்பெயினின் மயோர்கா, டெனரிஃப், போர்ச்சுகலின் மடெய்ரா என்று பெரும்பாலும் தீவுகள்தான். பிரிட்டனுக்குப் புதிதாக வந்த நண்பர்கள், "அந்த விமானத்தை நம்பிப் போகலாமா?" என்று கேட்பதுண்டு. ஹோட்டலும் சேர்ந்த பேக்கேஜாக எடுத்தால் தாராளமாகப் போகலாம். விமான டிக்கெட் மட்டும் வாங்குவதாக இருந்தால், வேறு இரண்டு நிறுவனங்களையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பேன்.

காரணம், இந்த நிறுவனங்கள் இயங்கும் விதம். ஹோட்டல் அறை, விமான இருக்கை, விமான நிலையத்தில் இருந்து ஹோட்டலுக்குப் பேருந்து எல்லாவற்றையும் ஒன்றாக விற்பதுதான் இவர்களின் பிழைப்பு. அதனால் பல ஊர்களுக்கு வாரத்தில் ஓரிரு நாள் மட்டுமே விமானம் இருக்கும். ஒன்று ரத்தானால் அடுத்தது மறுநாளே இருக்கும் என்று சொல்ல முடியாது. கோடையில் ஒரே விமானம் காலையில் ஒரு தீவுக்குப் போய்த் திரும்பும், மாலையில் இன்னொரு தீவுக்குக் கிளம்பும். காலையில் ஒரு மணி நேரம் பிந்தினால் அந்தத் தாமதம் இரவு வரை கூடவே வரும். ஜூலை, ஆகஸ்டில் மத்தியதரைக் கடல் பக்கம் வான்வழி நெரிசல் வேறு. எங்கள் அனுபவத்தில் அதிகாலை விமானங்கள் அநேகமாகச் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிட்டன. மாலை விமானங்களில்தான் காத்துக் கிடந்திருக்கிறோம். குழந்தைகளை நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுப்புவது கொடுமைதான். ஆனாலும் நான் இப்போது முதல் விமானத்தைத்தான் எடுக்கிறேன்.

விமானத்துக்குள் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 189 இருக்கைகள் கொண்ட போயிங் 737-800. கால் நீட்ட இடம் குறைவு, இருக்கை சாயாது. நான்கு மணி நேரம் வரை சமாளிக்கலாம். உயரமானவர்கள் அவசர வழியை ஒட்டிய வரிசைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்செலவு இல்லை. இருக்கைக்குப் பணம் கட்டாவிட்டாலும் குழந்தைகளை எங்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். நால்வரும் ஒரே வரிசையில் வேண்டும் என்றால் மட்டும் பணம் கட்ட வேண்டும். சாப்பாடு காசு கொடுத்து வாங்குவதுதான். சைவத்துக்கு ஒன்றோ இரண்டோ வகை இருக்கும், பின் வரிசைக்கு வண்டி வருவதற்குள் அதுவும் தீர்ந்துவிடும். நாங்கள் வீட்டில் இருந்தே கட்டிக்கொண்டு போய்விடுகிறோம். கைக்குழந்தையின் தள்ளுவண்டியையும் கார் இருக்கையையும் கட்டணமில்லாமல் ஏற்றுகிறார்கள். ஆனால் இறங்கும் இடத்தில் தள்ளுவண்டி விமான வாசலுக்கு வருமா, பெட்டிகளோடு வருமா என்பது ஊருக்கு ஊர் மாறும். பணிப்பெண்களும் பணியாளர்களும் குழந்தைகளிடம் காட்டும் பொறுமையை மனதாரப் பாராட்டுகிறேன். அழும் குழந்தைகள் நிறைந்த விமானத்தில் முகம் சுளிக்காமல் வேலை செய்வது எளிதல்ல.

இந்த நிறுவனத்தின் நல்லதும் கெட்டதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது மடெய்ரா பயணத்தில்தான். அந்தத் தீவின் ஃபுன்ஷால் விமான நிலையம் மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. 1964-ல் திறந்தபோது ஓடுபாதை மிகவும் குட்டை. 2000-ல் அதைக் கடலோரம் தூண்கள் மேல் நீட்டி 2,781 மீட்டராக ஆக்கினார்கள். நீளப் பிரச்சினை தீர்ந்தது. மலையில் மோதித் திரும்பும் காற்று அப்படியேதான் இருக்கிறது. அங்கே இறக்க விமானிகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். காற்று குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இறங்க அனுமதியும் இல்லை.

நாங்கள் போன அன்று காற்று பலமாக இருந்தது. விமானம் கடல் மேல் வட்டமடித்தது, ஒருமுறை இறங்க முயன்று மறுபடி மேலே ஏறியது. அப்புறம் பக்கத்துத் தீவான போர்ட்டோ சான்டோவில் இறக்கினார்கள். விமானி ஒவ்வொரு கட்டத்திலும் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார். "காற்று அடங்கினால் பறப்போம், அடங்காவிட்டால் என் பணி நேரம் முடிந்துவிடும்" என்று அவர் ஒளிக்காமல் சொன்னதே பாதிப் பதற்றத்தைக் குறைத்தது. காற்று அடங்கவில்லை. இரவு அங்கேயே எல்லோருக்கும் ஹோட்டலும் சாப்பாடும் கொடுத்தார்கள். மறுநாள் காலை அதே விமானம் கால் மணி நேரத்தில் ஃபுன்ஷால் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பேக்கேஜில் வந்த எங்களுக்கு அதற்குப் பிறகு ஒரு வேலையும் இல்லை. நிறுவனத்தின் பிரதிநிதி கையில் பட்டியலோடு வாசலில் நின்றார், பேருந்து காத்திருந்தது, ஹோட்டலுக்கு முன்பே தகவல் போயிருந்தது. எங்களோடு வந்த ஒரு இளம் தம்பதி டிக்கெட் மட்டும் வாங்கி, ஹோட்டலையும் வாடகைக் காரையும் தனித்தனியாகப் பதிவு செய்திருந்தார்கள். சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று காரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது வாடகை நிறுவனம். ஹோட்டல் முதல் இரவுக்குப் பணம் பிடித்துக்கொண்டது. விமானத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே மரியாதைதான். தரையில் கால் வைத்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. மடெய்ரா போன்ற இடத்துக்குப் பேக்கேஜ் சற்று விலை கூடினாலும் நான் அதையே எடுப்பேன்.

மோசமான காற்று நிறுவனத்தின் கையில் இல்லாத விஷயம் என்பதால் அந்தத் தாமதத்துக்கு இழப்பீடு கிடையாது. தங்குமிடமும் உணவும் தரும் கடமை மட்டும் உண்டு. டெனரிஃபில் இருந்து திரும்பியபோது நடந்தது வேறு கதை. எங்களை ஏற்ற வேண்டிய விமானத்தில் காலையிலேயே இயந்திரக் கோளாறு. வேறொரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த விமானமும் ஊழியர்களும் வந்து சேர இரவாகிவிட்டது. உணவு கூப்பன் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. மான்செஸ்டரில் கதவு திறந்தபோது மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம். இழப்பீட்டுக்குக் கதவு திறக்கும் நேரம்தான் கணக்கு, சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல. ஐரோப்பிய நீதிமன்றம் 2014-ல் சொன்னது இது. அந்த நேரத்தைப் போனில் படம் எடுத்து வைத்தேன்.

இப்படிப்பட்ட தாமதத்துக்கு, 1,500 முதல் 3,500 கிலோமீட்டர் வரையான தூரம் என்றால், பிரிட்டன் விதிப்படி தலைக்கு 350 பவுண்ட் வர வேண்டும். நான் எழுதிக் கேட்டதும், "எங்கள் கட்டுப்பாட்டுக்கு மீறிய காரணம்" என்று ஒரு பதில் வந்தது. சாதாரண இயந்திரக் கோளாறு அப்படிப்பட்ட காரணம் ஆகாது என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுதினேன். நால்வருக்கும் சேர்த்து 1,400 பவுண்ட் வந்தது. பணம் வந்தாலும் எனக்கு மனத்தாங்கல் போகவில்லை. விதி தெரியாத எத்தனை குடும்பங்கள் அந்த முதல் பதிலோடு விட்டிருக்கும்! இங்கிலாந்தில் இதற்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. உங்களுக்கும் பழைய தாமதம் ஏதாவது இருந்தால் இப்போதும் கேட்டுப் பாருங்கள்.

நிறுவனமே மூழ்கினால் என்ன ஆகும் என்ற பயமும் நியாயமானதே. 2017 அக்டோபரில் மொனார்க், 2019 செப்டம்பரில் தாமஸ் குக் என்று இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒரே இரவில் மூடப்பட்டன. தாமஸ் குக் பயணிகளில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அரசு திரும்ப அழைத்து வந்தது. பேக்கேஜ் எடுத்திருந்தவர்களுக்கு அட்டோல் என்ற பாதுகாப்புத் திட்டம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. டிக்கெட் மட்டும் வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் பணம் கட்டியதும் அட்டோல் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்ததா என்று பார்த்துவிடுகிறேன். டிக்கெட் மட்டும் என்றால் கிரெடிட் கார்டில் வாங்குங்கள். 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கோ சேவைக்கோ, விற்றவர் கைவிட்டால் கார்டு நிறுவனமும் பொறுப்பு.

கடைசியாக, இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்பவர்களுக்கு மட்டும். விடுமுறை விமானங்களில் பெரும்பாலானோர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள் என்பதால் ஊழியர்களுக்கு நம் ஆவணங்கள் பழக்கமில்லை. ஸ்பெயின், போர்ச்சுகல் போக ஷெங்கன் விசா வேண்டும். ஆன்லைனில் செக்-இன் செய்திருந்தாலும் கவுன்டரில் விசாவைக் காட்ட வேண்டியிருக்கும். பெட்டி இல்லை என்றாலும் அந்த வரிசைக்கு நேரம் ஒதுக்குங்கள். 2025 அக்டோபரில் இருந்து ஐரோப்பிய எல்லையில் கைரேகையும் புகைப்படமும் எடுக்கும் புதிய முறை வந்திருக்கிறது, அதற்கும் வரிசை உண்டு. திரும்பும்போது இன்னொரு சிக்கல்: பிரிட்டனின் குடியிருப்பு அட்டைகள் 2024 முடிவோடு காலாவதியாகி எல்லாம் மின்-விசாவுக்கு மாறிவிட்டன. சின்னத் தீவு விமான நிலையங்களில் இன்னும் அட்டையைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். புதுப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அதன் எண்ணை மின்-விசா கணக்கில் கிளம்பும் முன்பே சேர்த்துவிடுங்கள். அந்தக் கணக்கில் நுழையத் தேவையான போன் எண் வெளிநாட்டிலும் வேலை செய்யுமா என்று வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.