ஃபெஸ் நகரத்துத் ‘தார்’ வீடா, மராக்கெஷின் ‘ரியாத்’ வீடா?

மொராக்கோவின் பழைய நகரமொன்றில் சில இரவுகள் தங்க நினைப்பவர் ஃபெஸ், மராக்கெஷ் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். இரண்டிலும் இருப்பவை மதில் சூழ்ந்த மதீனாக்கள், அதாவது பழைய நகரப் பகுதிகள். ஃபெஸ் 1981இலும் மராக்கெஷ் 1985இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. எனினும், விருந்தினர் விடுதிகளாக மாறியுள்ள பழைய வீடுகள் இரு நகரங்களிலும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. விளம்பரங்களோ எல்லாவற்றையும் ‘ரியாத்’ என்றே அழைத்துவிடுகின்றன.

ரியாத் என்ற அரபுச் சொல் தோட்டத்தைக் குறிப்பது. முற்றத்தில் மரங்களுக்கான பாத்திகளும் நடுவில் நீரூற்றும் அமைந்த வீடே ரியாத். தளம் பாவிய முற்றம் மட்டும் உள்ள வீடு ‘தார்’. மராக்கெஷ் சமவெளியில் பரந்த ஊராதலால் தோட்டத்துக்கு இடம் இருந்தது. ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவில் நெருங்கி எழுந்த ஃபெஸ்ஸிலோ, ரியாத்கள் சில இருந்தாலும், பெரும்பாலான வீடுகள் குறுகிய முற்றத்தைச் சுற்றி உயரமாக வளர்ந்தவை. ஸெல்லிஜ் எனப்படும் வண்ணச் சிறு ஓடுகளும், செதுக்கிய சுண்ணச் சாந்தும், அட்லஸ் மலைத் தேவதாரு மர விதானமும் அந்தக் குறுகிய இடத்தில் அடர்ந்து நிற்பதைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது, அந்த நெருக்கமே அழகாகிவிடுகிறது. மராக்கெஷின் சிறப்பு ததலாக்த்: கல்லால் தேய்த்து, சோப்பு பூசி மெருகேற்றுவதால் நீர் புகாத சுண்ணாம்புப் பூச்சு. குளியலறைச் சுவர்களில் அதைத் தொட்டுப் பார்க்காமல் வருவது இழப்பு.

வசதியில் மராக்கெஷ் முந்துகிறது. வாடகை வண்டி பல விடுதிகளின் அருகில்வரை செல்லும். ஜமா அல்-ஃப்னா சதுக்கத்தின் மாலைக் கூட்டம் நடை தூரத்தில் இருக்கும். ஆனால் சந்துகளுக்குள்ளும் மோட்டார் சைக்கிள்கள் புகுந்து வருவதால் நிதானமாக நடக்க முடிவதில்லை. ஃபெஸ்ஸின் சந்துகளில் கார்கள் நுழைய முடியாது. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பொதி சுமக்கும் கோவேறு கழுதைகளுக்கு வழிவிட்டு நடக்க வேண்டும். பூ ஜலூத் வாயிலிலிருந்து தலா கபீரா தெருவில் இறங்கினால், 14ஆம் நூற்றாண்டின் பூ இனானியா மதரஸாவைக் கடந்து, 859இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி நிறுவியதாக மரபு கூறும் கராவிய்யீன் பள்ளிவாசலை அடையலாம். முஸ்லிம் அல்லாதவர்கள் அதன் வாசலில் நின்றே பார்க்க முடியும். இறங்குவது எளிது, திரும்பும் ஏற்றத்தை மனத்தில் வைத்து, விடுதியை மேல்முனையில் பிடிப்பது நல்லது.

என் தேர்வு ஃபெஸ்தான்; முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் மராக்கெஷைச் சொல்வேன், ஏனெனில் தார்களின் படிகள் செங்குத்தானவை. எங்கு தங்கினாலும் அறைச் சன்னல்கள் முற்றத்தை நோக்கியே திறப்பதால், கோடையில் குளிர்ச்சி கிடைக்கும். கூடவே அடுத்த அறையின் பேச்சும் சமையலறைப் பாத்திரச் சத்தமும் வந்து சேரும். சனவரி இரவுகளில் வெப்பம் 5 டிகிரிக்கு அருகே இறங்குவதால், அறை எத்தனையாவது மாடியில் உள்ளது, சூடேற்றி இருக்கிறதா என்ற இரண்டையும் முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.